சமையலறை அலமாரிகள்: பெட்டியில் வரும் பலகைகளா, உள்ளூர் ஆசாரியா?

குரோம்பேட்டைக் குடித்தனம்:

சமையலறையைப் புதுப்பிப்பது என்று முடிவாகிவிட்டது. அலமாரிகளை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் வீட்டில் இரண்டு கட்சி. எங்களுடையது 1990களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு. அறை பத்தடிக்கு எட்டடி. ‘ட’ வடிவத்தில் கிரானைட் மேடை, அதைத் தாங்க நெட்டுக்குத்தாக நிறுத்திய கடப்பாக் கற்கள், அவற்றுக்கு நடுவே சட்டம் அடித்துப் பொருத்திய மரக்கதவுகள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவு ஊறி உதிர்ந்துவிட்டது. மற்றவை ஒப்புக்குத் தொங்குகின்றன.

பலகைகளைத் தொழிற்சாலையில் அறுத்து, துளையிட்டு, அட்டைப்பெட்டிகளில் அனுப்பி, வீட்டில் வைத்துப் பூட்டித் தரும் நிறுவனத்தை என் கணவர் விரும்புகிறார். பல்லாவரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். அவர் செய்த வாசற்கதவு இன்றும் இம்மி நகரவில்லை என்பது என் மாமியாரின் வாதம். எனக்கு இரண்டிலும் பிடிவாதம் இல்லை. தண்ணீருக்கு எது தாங்கும், 25 கிலோ அரிசி மூட்டையையும் மாவரைக்கும் கிரைண்டரையும் எது சுமக்கும், பத்து ஆண்டு கழித்து ஒரு கீல் உடைந்தால் யார் வந்து மாற்றுவார்கள் என்பவைதான் என் கேள்விகள்.

மரத்தூள்:

அம்மா, நான் தச்சு வேலை செய்து, இப்போது பிறர் செய்யும் வேலையை மேற்பார்வை பார்ப்பவன். ஆசாரியா நிறுவனமா என்பதற்கு முன் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: இப்போதுள்ள மேடை இருக்கப் போகிறதா, இடிக்கப் போகிறீர்களா?

பெட்டிகளாக வரும் அலமாரிகள், அடியில் எதுவும் இல்லாத வெறும் தரையில் கால் ஊன்றி நின்று, தங்கள் தலைமேல் கல்லைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நம் பழைய சமையலறைகளில் கல் ஏற்கெனவே கல்லின் மேல் நிற்கிறது. பெட்டிக்கு அங்கே சுமக்கும் வேலையே இல்லை. அப்படிப்பட்ட இடைவெளிக்குள் முழுப் பெட்டியைச் செருகினால் என்ன ஆகிறது என்று கணக்குப் பாருங்கள். இரண்டு கடப்பாக் கற்களுக்கு நடுவே 60 செ.மீ. வாய் இருப்பதாகக் கொள்வோம். கற்கள் தூக்குக்குண்டுக்குச் சரியாக நிற்பது அரிது என்பதால், பக்கத்துக்கு ஒரு சென்டிமீட்டர் விட்டால் பெட்டி 58 ஆகிறது. இருபுறமும் 18 மி.மீ. பலகை என்பதால் உள்ளளவு 54.4. இழுப்பறை ஓடும் தடமான சேனல் பக்கத்துக்கு அரை அங்குலம் கேட்கும். இழுப்பறையின் வெளியகலம் 51.8. அதன் பக்கங்களை 12 மி.மீ. பலகையில் செய்தால், பொருள் வைக்க மிஞ்சுவது 49.4 செ.மீ. அறுபதில் பத்தரைக்கு மேல் காற்றோடு போயிற்று. நான்கு வாய் இருந்தால் கிட்டத்தட்ட ஒரு முழு இழுப்பறையின் அகலத்தை இழக்கிறீர்கள்.

ஆசாரி இதையே வேறு விதமாகச் செய்வார். கல்லில் துளையிட்டுப் பிளக் அடித்து, பக்கத்துக்கு ஒரே ஒரு பலகையையோ சட்டத்தையோ பொருத்தி, கல்லின் கோணலுக்கு ஏற்ப அதைச் சீவி உட்கார வைத்து, அதிலேயே கீலையும் சேனலையும் பூட்டிவிடுவார். பெட்டி என்று ஒன்று இருக்காது. இடம் மிச்சமாகும், பலகையும் மிச்சமாகும். கதவுகளின் இடுக்குகள் நூல் பிடித்தாற்போல் வருமா என்பது அவரவர் கைத்திறன்.

நாகசந்திரா:

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே நாகசந்திராவில் 2022இல் ஐக்கியா அறைக்கலன் கடை திறந்த பிறகு அவர்களுடைய மெத்தோத் என்ற பெட்டி வகைச் சமையலறையைப் பலரும் வைக்கிறார்கள்; எங்கள் வீட்டிலும் அதுதான். எங்கள் சமையலறை மேடையே இல்லாமல் வெறும் அறையாகக் கைக்கு வந்ததால் மரத்தூள் ஐயா சொல்லும் சிக்கல் எங்களுக்கு எழவில்லை.

அதன் நன்மையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சுவரில் ஒரு எஃகுத் தண்டவாளத்தை ரசமட்டம் பார்த்துப் பொருத்திவிட்டால் மேல் பெட்டிகள் எல்லாம் அதில் தொங்கும்; தரை மேடுபள்ளமாக இருந்தாலும் கீழ்ப் பெட்டிகளின் கால்களைத் திருகி மட்டம் செய்துகொள்ளலாம். கீலை மூன்று திசையிலும் நகர்த்தலாம். ஓர் இழுப்பறை போதாது என்று பின்னால் தோன்றினால், துளைகள் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருப்பதால், வாங்கிவந்து நாமே சேர்த்துக்கொள்ளலாம். இந்த வசதியை ஆசாரி வேலையில் நான் கண்டதில்லை.

ஆனால் அளவுகள் அவர்கள் வகுத்தவை. அகலம் 40, 60, 80 என்று படிப்படியாகத்தான் போகும். உங்கள் சுவர் 2 மீட்டர் 13 செ.மீ. என்றால் அந்தப் பதின்மூன்றை நிரப்புப் பலகை வைத்து மறைக்க வேண்டியதுதான். உயரத்தையும் கவனியுங்கள்: பெட்டி 80 செ.மீ., கால் 8 செ.மீ., அதன்மேல் 2 செ.மீ. கிரானைட் என்றால் மேடை 90 செ.மீ. ஆகிவிடும். ஐந்தடிக்கும் குறைவான என் அம்மா வரும்போதெல்லாம் தோசை ஊற்ற முக்காலியைத் தேடுகிறார். முழங்கையிலிருந்து பத்து முதல் பதினைந்து செ.மீ. கீழே மேடை இருந்தால்தான் தோள் வலிக்காது. யார் அதிகம் சமைக்கிறாரோ அவரை நிறுத்தி அளந்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள். இன்னொன்று, பெட்டிகளின் முதுகு சுவரை ஒட்டியே நிற்பதால், சுவருக்கு வெளியே ஓடும் குழாய்கள் இருந்தால் பின்பலகையை வெட்டித்தான் ஆக வேண்டும்.

சுண்ணாம்பும் செங்கலும்:

மேடையை இடிப்பது பற்றி, கட்டடப் பொறியாளன் என்ற முறையில் சில வார்த்தைகள். பழைய குடியிருப்புகளில் கடப்பாக் கற்களைச் சுவருக்குள் இரண்டு மூன்று அங்குலம் செருகிக் காரை பூசியிருப்பார்கள். அவற்றைப் பிடுங்கும்போது சுவரின் பூச்சும், அதில் ஒட்டிய ஓடுகளும், பெரும்பாலும் தரை ஓடுகளின் ஒரு வரிசையும் சேர்ந்தே வரும். அதன்பின் புதுப் பூச்சு, ஓடு, குழாய் மாற்றம் என்று வேலை நீளும். அலமாரிக்கு ஒதுக்கிய தொகையில் கணிசமான பங்கு கொத்தனாரிடம் போய்விடும். தொட்டியின் கழிவுக்குழாய் தரையைத் துளைத்துக் கீழ்வீட்டுக் கூரைக்கடியில் ஓடும் கட்டடமாக இருந்தால், அந்த இணைப்பைத் தொடுவதற்கு முன் கீழ்வீட்டாரிடமும் சங்கத்திடமும் சொல்லிவிடுவது உத்தமம். கசிவு வந்தால் அலமாரித் தகராறு குடியிருப்புத் தகராறாக மாறிவிடும்.

மேடையில் விரிசல் இல்லை, உயரம் வீட்டுப் பெண்களுக்குத் தோதாக இருக்கிறது, தொட்டியைச் சுற்றிக் கசிவு இல்லை என்றால் இடிக்காதீர்கள் என்பதே என் கருத்து. வீட்டு ஆண்களும் சமைப்பார்களானால் அவர்களையும் அளந்துகொள்ளுங்கள்.

வரவுசெலவு:

விலைப்பட்டியலை எப்படிப் படிப்பது என்று யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன். சதுர அடிக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் சொல்வார்கள். எந்தச் சதுர அடி என்று கேளுங்கள். அலமாரியின் முகப்பை மட்டும் அளந்து சொல்லும் விலையும், செலவாகும் பலகை முழுவதையும் அளந்து சொல்லும் விலையும் ஒன்றல்ல.

இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம், 1.8 அடி ஆழம் உள்ள ஒரு கீழ்ப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். முகப்பு ஐந்தே சதுர அடி. உள்ளே இரண்டு பக்கங்களுக்கு 9, அடிப்பலகைக்கு 3.6, ஒரு தட்டுக்கு 3.6, மேற்பட்டைகளுக்கு ஏறத்தாழ 1.3, கதவுக்கு 5 என்று 18 மி.மீ. பலகை மட்டும் 22.5 சதுர அடி பிடிக்கும். முதுகுக்கு 6 மி.மீ. பலகையில் இன்னொரு ஐந்து. எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகை 32 சதுர அடி என்பதால், ஐந்து சதுர அடி முகப்புக்கு ஒரு முழுப் பலகையில் எழுபது விழுக்காடு தீர்ந்துவிடுகிறது. இந்தக் கணக்கு கையில் இருந்தால், முகப்புச் சதுர அடிக்கு நம்ப முடியாத குறைந்த விலை சொல்பவர் எங்கே மிச்சம் பிடிப்பார் என்பது விளங்கும்: பலகை துகள் பலகையாக இருக்கும், முதுகு மெல்லியதாக இருக்கும், அல்லது கீலும் சேனலும் கணக்கில் சேராதிருக்கும்.

நிறுவனங்களின் முதல் பட்டியலில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழையதைக் கழற்றும் கூலி, குழாய்க்காரர், மின்வேலை, புகைபோக்கிக்குச் சுவரில் துளை ஆகியவை பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஆசாரியின் கூலியில் கழிவு சேராது. அறுப்பில் வீணாகும் துண்டுகளின் விலை உங்களுடையது.

குரோம்பேட்டைக் குடித்தனம்:

எல்லோருக்கும் நன்றி. மேடையை இடிக்கப் போவதில்லை. அதன் உயரம் எனக்கும் மாமியாருக்கும் ஒத்துவருகிறது. ஆனால் என் கணவரின் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குள் ரம்பம் ஓடினால் மாமியாரின் ஆஸ்துமாவுக்கு ஆகாது, பசை நாற்றம் வாரக்கணக்கில் நிற்கும், கையால் ஒட்டிய ஓரங்கள் விரைவில் பிரியும் என்கிறார். இவற்றை நான் மறுக்க முடியவில்லை. தொழிற்சாலையின் நேர்த்தி வேண்டும், ஆனால் என் கடப்பாக் கல்லின் கோணலுக்கும் ஒத்துவர வேண்டும் என்றால் வழி உண்டா?

மரத்தூள்:

உண்டு. பலகையை நீங்கள் வாங்கிக் கொடுத்தால், அளவுக்கு அறுத்து ஓரம் ஒட்டிக் கொடுக்கும் பட்டறைகள் சென்னையைச் சுற்றிப் பல இருக்கின்றன. ‘ஜாப் ஒர்க்’ என்று கேட்டாலே தெரியும். உங்கள் ஆசாரி வந்து ஒவ்வொரு வாயையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து அறுப்புப் பட்டியல் எழுதித் தர வேண்டும். பட்டறையில் பலகை அறுக்கும் இயந்திரம் மூலைமட்டம் பிசகாமல் அறுக்கும். ஓரப்பட்டையைச் சூடான பசையில் அழுத்தி ஒட்டும். மைக்காவை அழுத்து இயந்திரத்தில் வைத்து ஒட்டினால் உள்ளே காற்றுக் குமிழ் நிற்காது. கீலுக்கான 35 மி.மீ. குழியையும் அங்கேயே போட்டுவிடலாம். வீட்டுக்கு வருவது அறுத்த பலகைகள் மட்டுமே. ஆசாரி சீவிப் பொருத்திப் பூட்டினால் போதும். ஆக, உங்களுக்கென்றே அறுக்கப்பட்ட பெட்டிச் சரக்கு அது. தூசி அடியோடு நின்றுவிடும் என்று சொல்லமாட்டேன். கல்லில் துளையிடும்போது எழும் தூசிக்கு அன்று ஒரு பகல் உங்கள் மாமியாரை வேறு எங்காவது இருக்கச் சொல்லுங்கள்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீர்க் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தரக்குறி உள்ள ப்ளைவுட்டுக்குக் கொதிநீர்ச் சோதனை 72 மணி நேரம். கடைக்காரர்கள் அதை மரைன் ப்ளை என்பார்கள். ஐ.எஸ். 303இல் இரண்டு தரம் உண்டு: பி.டபிள்யூ.ஆர். என்பது சில மணி நேரக் கொதிநீரைத் தாங்கும்; எம்.ஆர். என்பது ஈரக்காற்றைத் தாங்குமே தவிர, தேங்கிய தண்ணீரைத் தாங்காது. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்; வேறுபாடு அடுக்குகளை ஒட்டிய பிசினில் இருக்கிறது. துகள் பலகை என்பது மரத்துகளைப் பிசினில் பிசைந்து அழுத்தியது. மேல்தாளும் ஓரப்பட்டையும் முழுமையாக இருக்கும்வரை அது கெடாது, ஆனால் குழாய்க்காக வெட்டிய ஓட்டையின் விளிம்பு வழியாகத் தண்ணீர் புகுந்தால் உப்பும், உப்பியது வற்றினாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. கீலின் திருகாணி அதில் ஒருமுறை பிடியிழந்தால் அதே துளையில் மறுபடி பிடிப்பதும் கடினம். எச்.டி.எச்.எம்.ஆர். என்று இப்போது விற்கும் அடர்பலகை இடைப்பட்டது. வழுவழுப்பாக இருப்பதால் கதவுகளுக்கு நன்றாக அமையும், கனம் அதிகம்.

எனவே தொட்டிக்கடியிலும் அதை அடுத்த வாயிலும் 710 தவிர வேறு எதையும் ஏற்காதீர்கள். மற்ற இடங்களில் பி.டபிள்யூ.ஆர். போதும். வெட்டிய ஒவ்வொரு துளையின் விளிம்பிலும் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு அற்பமான வேலை, நான் பார்த்த ஊறிய பலகைகளில் பாதிக்கு மேல் அங்கே பூசாமல் விட்டவை. கதவின் வெளிப்பக்கம் மைக்கா ஒட்டினால் உட்பக்கமும் ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய கதவு வில்லாக வளையும்.

அரிசி மூட்டையை இழுப்பறையில் வைக்க நினைத்தால் சேனலின் சுமைக்குறியைப் பாருங்கள். 30 கிலோ தாங்குவதும் 50 கிலோ தாங்குவதும் தனித்தனியே கிடைக்கும். கிரைண்டரை இழுப்பறையில் வைக்கவே வேண்டாம், மேடை மேல் நிரந்தர இடம் கொடுங்கள்.

மேல்மாடி வாசகன்:

இந்த இழையில் ஆசாரிக்குச் சாதகமாகவே காற்று வீசுவதால் எதிர்த்தரப்பாக எழுதுகிறேன். எங்கள் வீட்டு வேலையை எடுத்தவர் கடையில் 710 காட்டினார். வந்து இறங்கியவற்றில் சில வேறு பலகைகள். மைக்கா ஒட்டிய பிறகு யாரால் கண்டுபிடிக்க முடியும்? நடுவே சொந்த ஊர்த் திருவிழா என்று போனவர் வரும்வரை நாங்கள் கூடத்தில் சமைத்தோம். நிறுவனமாக இருந்தால் ஒப்பந்தம் உண்டு, தேதி உண்டு, உத்தரவாதம் உண்டு, கேட்பதற்கு ஓர் அலுவலகம் உண்டு. ஆசாரி நல்லவராக அமைவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

வரவுசெலவு:

உங்கள் குறை நியாயமானது, ஆனால் உத்தரவாதத்தைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பத்தாண்டு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். தண்ணீர் தேங்குவதால் வரும் சேதம், கரையான், வேறொருவர் கழற்றி மாட்டியது ஆகியவை அடங்காது என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும். சமையலறை அலமாரி வேறு எதனால் கெடும்? கீலுக்கும் சேனலுக்கும் அவற்றைத் தயாரிப்பவர் தரும் உத்தரவாதம் தனி. அதே சரக்கை வாங்கினால் ஆசாரி வேலையிலும் அது உங்களுக்கு உண்டு, ரசீதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

பலகை மாறுவதற்குத் தடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு பலகையிலும் ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் அச்சிட்டிருக்கும். தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். பெரியமேடு சைடன்ஹாம்ஸ் சாலையில் வாங்கினாலும் தெருமுனையில் வாங்கினாலும், வண்டியிலிருந்து இறங்கும்போதே எண்ணைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். கனத்தையும் அளந்துவிடுங்கள், 18 என்று விற்பது 17ஆக இருப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. நிறுவனத்தின் பெட்டிகளில் இந்தச் சோதனைக்கே வழியில்லை, ஏனென்றால் முத்திரை இருந்த பலகை அறுபட்டு மூடப்பட்ட பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. அவர்களிடம் பலகையின் தரக்குறியை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ‘உயர்தர நீர்த்தடுப்புப் பலகை’ என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சிக்கல் வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எழுத்தில் உள்ளதைத்தான் அங்கேயும் கேட்பார்கள்.

சுண்ணாம்பும் செங்கலும்:

சமையல் எரிவாயு உருளையை யாரும் தொடவில்லை. அந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். எனவே உருளை இருக்கும் வாய்க்கு இறுக மூடிய கதவு கூடாது. அடியிலும் மேலேயும் காற்றோட்டத் துளைகள் உள்ள கதவு வேண்டும், அடிப்பலகை வேண்டாம், உருளை நேரே தரையில் நிற்கட்டும். ரப்பர் குழாயைப் பலகைக்குப் பின்னால் மறைத்துக் கொண்டுபோகாதீர்கள்; ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும், இடையிலும் கண்ணில் பட வேண்டும். பெட்டியில் வரும் எந்த அளவும் இதற்கு ஒத்துவராது, இந்த ஒரு வாயை ஆசாரிதான் செய்ய வேண்டும்.

குரோம்பேட்டைக் குடித்தனம்:

வீட்டில் பேசி ஒரு வழிக்கு வந்திருக்கிறோம். மேடைக்குக் கீழே உள்ளவை எல்லாம் ஆசாரி அளந்து, பட்டறையில் அறுத்து, அவரே பொருத்துவார். பலகையை நாங்களே வாங்குகிறோம். மேலே சுவரில் தொங்கும் அலமாரிகளுக்கு நிறுவனத்தின் பெட்டிகளை எடுத்துக்கொள்கிறோம். அங்கே தண்ணீர் இல்லை, கல்லின் கோணலும் இல்லை, நேராகத் தொங்கினால் போதும். மிளகு டப்பாவுக்கு 710 தேவையில்லை. கதவின் நிறம் இரண்டுக்கும் ஒத்துப்போக வேண்டுமே என்பதுதான் மிஞ்சிய கவலை.

மேல்மாடி வாசகன்:

இரண்டு கையில் வேலையைக் கொடுத்தால் குறை வரும்போது ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். நான் இதைச் செய்யமாட்டேன்.

மரத்தூள்:

மேலும் கீழும் ஒன்றையொன்று தொடாததால் கை காட்டுவதற்கு இடம் குறைவு. புகைபோக்கிக் குழாய் செல்லும் பெட்டியை மட்டும் யார் வெட்டுவது என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தை ஒத்துவரச் செய்ய முயலாதீர்கள். ஒரே பெயரில் விற்கும் வெள்ளைகூட இரண்டு இடத்தில் இரண்டாக இருக்கும். மேலே ஒரு நிறம், கீழே வேறொரு நிறம் என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுங்கள், கீழே அழுக்குத் தெரியாத நிறமாக.

நிறுவனத்தார் அளவெடுக்க வரும்போது சுவர் ஓடுகள் ஒட்டி முடிந்திருக்க வேண்டும். ஓடும் காரையும் சேர்ந்து சுவரை ஒரு புறத்துக்கு ஒன்றரை செ.மீ. வரை முன்னால் கொண்டுவந்துவிடும். இரண்டு சுவர்களுக்கு நடுவே அடங்க வேண்டிய பெட்டி வரிசைக்கு மூன்று செ.மீ. குறைந்தால் கடைசிப் பெட்டி உள்ளே போகாது, அதைச் சீவிக் கொடுக்க அவர்களிடம் இழைப்புளியும் இருக்காது. ஓட்டு வேலை முடியும் தேதியைக் கொத்தனாரிடம் கேட்டுவிட்டு, அதற்கு அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள்.